அடியிலிருந்து ஏறிய தண்ணீர்

செம்மலையை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடி செக்காலை ரோட்டில் பதினாறு வருடமாகத் தட்டச்சும் ஜெராக்ஸும் போடுகிற கடை வைத்திருக்கிறேன். மனு அடிக்க வருகிறவர்கள் எல்லோரும் யார் மீதாவது கோபத்தோடுதான் வருவார்கள். ஆனால் கோபத்தைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்க்கிற ஆளாக நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

நேமத்தான்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவருக்கு. ஐம்பது வயது தாண்டிவிட்டது. கடலையும் மிளகாயும் போடுகிற குடும்பம். மனைவி போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடமாகிறது, பிள்ளை இல்லை. உறவென்று நெருக்கமாக இருந்தது தங்கை அழகி மட்டும்தான். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். பாண்டிமுருகன் என்று, அடுத்த ஊர்க்காரர். கல்யாணமான புதிதில் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில்தான் போவார்கள், ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடிப்பார்கள் என்று பின்னாளில் அழகி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மூன்று வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றியபோது இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். மீன் பிடிக்க அல்ல, வளர்க்க. கடலில் பெரிய பிளாஸ்டிக் குழாயை வட்டமாக வளைத்து மிதக்கவிட்டு, அதிலிருந்து வலையைப் பை மாதிரி தொங்கவிட்டு, உள்ளே குஞ்சுகளை விட்டுத் தீனி போடுகிற கூண்டு வளர்ப்பு. பயிற்சி எடுத்துக்கொண்டு, ராமநாதபுரம் பக்கம் தெற்குப் பார்த்த கரையில் ஒரு மீனவ ஊரில் இடம் பிடித்தார்கள். முதல் வருடம் ஒரே கூண்டு, கடல் விரால் மீன். நன்றாக வந்தது.

இரண்டாம் வருடம் கூண்டை எங்கே போடுவது என்பதில் சண்டை வந்தது.

"மச்சான், கரையோரமாவே போடுவோம். காத்துக் காலத்துல போயி வர லேசா இருக்கும்" என்றிருக்கிறார் பாண்டிமுருகன்.

"கரையோரம் சகதிய்யா. எட்டு மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனாத்தான் தண்ணி ஓடும், மீனு கொழுக்கும்."

"கடல நீங்க பாத்ததே போன வருசம். அதுக்குள்ள எனக்குப் பாடம் எடுக்குறீக."

இது டீக்கடையில், பத்துப் பேர் முன்னால் நடந்தது. அந்த ஊர் மீனவர்கள் சிரித்துவிட்டார்கள். பாண்டிமுருகன் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் செம்மலைக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. அன்றைக்கே பங்கைப் பிரித்துக்கொண்டார். எட்டு மீட்டர் ஆழத்தில் தனக்கு இரண்டு கூண்டு போட்டார். பாண்டிமுருகன் கரைக்கு நெருக்கமாக, நாலு மீட்டர் ஆழத்தில், ஆழம் குறைந்த வலையோடு சிறிய கூண்டுகளைப் போட்டுக்கொண்டார்.

அந்த மாசியில் அழகி மகள் அகிலாண்டேஸ்வரிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். குலசாமி கோயிலில் மொட்டை போட்ட தலையில் சந்தனத்தோடு குழந்தை பதினோரு மணி வரை காத்திருந்தது. மாமன் வரவில்லை. நேரம் தப்புகிறது என்று ஆசாரி சத்தம் போட்ட பிறகு, ஒன்றுவிட்ட அண்ணன் சொக்கு மடியில் வைத்துக் குத்தினார்கள். அந்த நேரத்தில் செம்மலை என் கடையில் உட்கார்ந்திருந்தார். பாண்டிமுருகனின் நங்கூரக் கயிறு தன் எல்லைக்குள் கிடக்கிறது என்று மீன்வளத் துறைக்கு மனு அடித்துக்கொண்டிருந்தார். காது குத்து விஷயம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். என் பிழைப்பு அது.

சாயங்காலம் அழகி போன் பண்ணி, "ஒனக்கு ஈரமே இல்லையா?" என்று கத்தியிருக்கிறாள். செம்மலை போனை வைத்தார். தங்கையின் நம்பரையும் மாப்பிள்ளையின் நம்பரையும் போனில் தடை செய்துவிட்டார்.

ஆடி பிறந்தது. தென்மேற்குப் பருவத்தில் வீசுகிற கச்சான் காற்று அந்த வருடம் விடாமல் பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் ஒரே சீராக, கரையை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக அடித்தது. செம்மலை நாலு நாளாக ஊரில் இருந்தார். தீனி போடப் படகுக்காரர் இராமுவை ஏற்பாடு செய்திருந்தார். ஒன்பதாம் நாள் அலை மோசமாக இருந்ததால் இராமு போகவில்லை. பத்தாம் நாள் விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு போன் பண்ணினார்.

"ஐயா, ஒடனே கெளம்பி வாங்க. எல்லாம் மெதக்குது."

செம்மலை போய்ச் சேரும்போது காற்று அடங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு கூண்டிலும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு, வாய் பிளந்து, ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. இன்னும் மூன்று வாரத்தில் அறுவடை செய்ய வேண்டிய மீன்கள், ஒவ்வொன்றும் கை நீளம். இராமு வலையின் அடியை மேலே இழுத்துப் பிடித்தவர், "அடி வலை என்னங்கய்யா இப்புடிச் சில்லுன்னு இருக்கு" என்றார். செம்மலை காதில் அது விழவில்லை. அவர் கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மாப்பிள்ளையின் கூண்டுகளில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"இங்குட்டு செத்துக் கெடக்கு. அங்குட்டு மட்டும் எப்படி உசுரோட நிக்குது?" என்று கேட்டார்.

இராமு ஒன்று மட்டும் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் அந்த அலையிலும் பாண்டிமுருகனின் படகு செம்மலை கூண்டுப் பக்கம் போய் நின்றதைக் கரையிலிருந்து பார்த்தாராம்.

அதற்கு மேல் செம்மலைக்கு எதுவும் தேவைப்படவில்லை. நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், தங்கை புருசன் விஷம் வைத்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார். பாண்டிமுருகனை அழைத்துக்கொண்டு போனார்கள். ஒரு பகல், ஓர் இரவு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதிகாரிகள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தது மூன்றாம் நாள்தான். அதற்குள் காற்று நின்று, கடல் குளம் போலாகிவிட்டது. தண்ணீரில் ஒரு குறையும் தெரியவில்லை. செத்த மீனில் நாலைந்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, பாண்டிமுருகனை வீட்டுக்கு விட்டார்கள்.

விட்டது செம்மலைக்குப் பொறுக்கவில்லை. மறுநாள், பாண்டிமுருகனை மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த மத்தியான நேரத்தில், மிதவைப் படகு ஒன்றைத் தானே தள்ளிக்கொண்டு போனார். கறி வெட்டுகிற கத்தியால் மாப்பிள்ளையின் வலைகளை அடிப்பக்கம் பார்த்து நீளமாகக் கிழித்தார். மூன்று கூண்டையும் முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மீன்கள் முதலில் போகவில்லையாம். வழி திறந்திருந்தும் வழக்கம் போல வட்டம் சுற்றிக்கொண்டிருந்தனவாம். அவர் துடுப்பால் அடித்து விரட்டியிருக்கிறார்.

பாண்டிமுருகன் எதிர்ப் புகார் கொடுத்தார். அதற்குப் பதில் அடிக்க செம்மலை என் கடைக்கு வந்தார்.

"அடிங்க தங்கச்சி. மேற்படி வலை அறுபட்டதற்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லைன்னு போடுங்க. ஆமை கீமை கடிச்சிருக்கும்னும் சேத்துக்கங்க."

"ஆமைன்னு போடணுமாண்ணே? சிரிப்பாக."

"சிரிக்கட்டும். போடுங்க."

போட்டேன்.

நாலைந்து நாள் கழித்து மறுபடி வந்தார். பாண்டிமுருகனைக் கைது செய்யவில்லை என்று மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு மனு. நான் பிரிண்டரில் வேறு ஒரு வேலையை ஓட்டிக்கொண்டிருந்தேன். சத்தியப்பிரியாவின் வேலை. காரைக்குடியில் கடல் ஆராய்ச்சி படிக்கிற பெண். சிவகங்கைக்காரி, அப்பா பஸ் கண்டக்டர். வாரம் ஒரு தடவையாவது பென் டிரைவோடு வந்து நிற்பாள். அவள்தான் முதலில் செம்மலையை அடையாளம் கண்டாள்.

"ஐயா, ஒங்களுக்கு ரெண்டு நாளா போன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்குறீக. கூண்டுக் கயித்துல வெப்பமானி கட்டிக்கிறவான்னு சித்திரையில வந்து கேட்டேன்ல, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு நினைவிருந்தது. ஒரே கயிற்றில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, தரைக்குப் பக்கத்தில் ஒன்று என்று விரல் நீளக் கருவிகள் மூன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீரின் சூட்டைத் தானாகக் குறித்துவைக்கும்.

"நேத்துத்தான் போயி கழட்டிட்டு வந்தேன். ஒங்க மீன யாரும் கொல்லலங்கய்யா" என்றாள்.

பிரிண்டரிலிருந்து தாள் வந்தது. மூன்று கோடுகள். காற்று பிடித்த முதல் நாட்களில் மூன்றும் பின்னிக்கொண்டு ஒன்றாகப் போயின. பிறகு அடிக்கோடு மட்டும் பிரிந்து இறங்கியது. இரண்டு நாளில் நடுக்கோடும் அதைத் தொடர்ந்தது. ஒன்பதாம் நாள் சாயங்காலத்திலிருந்து இரண்டும் இருபத்து நாலு டிகிரியில் கிடந்தன. மேலே இருந்த கருவி மட்டும் இருபத்தெட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு மூன்றும் மளமளவென்று ஒன்று சேர்ந்துவிட்டன.

"காத்து கரைய ஒட்டியே கிழக்க பாத்து அடிச்சுச்சுல்ல?" என்று அவள் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினாள். "மேல் தண்ணி காத்து போற தெசையிலேயே நேராப் போகாது. பூமி சுத்துறதால வலப்பக்கமா ஒதுங்கும். நம்ம கரையில வலப்பக்கம்னா தெக்க, ஆழக்கடல். இப்புடி நாள்கணக்கா மேல் தண்ணி வெளிய போச்சுன்னா அந்த எடத்த எது நெரப்பும்? ஆழத்துல கெடக்குற குளுந்த தண்ணி தரையோட தரையா கரையப் பாத்து ஏறி வரும். வெளிச்சமே படாமக் கெடந்த தண்ணி அது. மீனு மூச்சு விட அதுல காத்து இருக்காது. ஒங்க வலை அஞ்சு மீட்டர் தொங்குது. அடியில இருந்து அந்தத் தண்ணி ஏற ஏற மீனெல்லாம் மேல வந்து ஒரு மீட்டருக்குள்ள நெருக்கியடிச்சு நின்னுருக்கும். அம்புட்டு மீனும் ஒரே எடத்துல நின்னா, இருக்குற மூச்சும் விடியுறதுக்குள்ள தீந்துரும்."

செம்மலை தாளைத் தொடவில்லை. "அப்ப அவன் கூண்டு? அவன் என்ன வேற கடல்லயா போட்டிருந்தான்?"

"அவுக நாலு மீட்டர்ல போட்டிருந்தாக. அந்த ஆழத்துல காத்தும் அலையும் தண்ணிய அடி வரைக்கும் கலக்கிரும். மேல் தண்ணி தனியா வெளிய நழுவவும் முடியாது, தரை புடிச்சுக்கும். மேல் தண்ணி போகலேன்னா அடித் தண்ணி அங்க வராது. குளுந்தது உள்ள நுழையாம, சரியா ஒங்க ஆழத்துலயே ஏறி நின்னுருச்சு. கூண்ட அங்குட்டுப் போட்டிருந்தா ஒங்க மீனும் பொழைச்சிருக்கும்."

கடைசியாகச் சொன்னதை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். செம்மலையின் முகம் கறுத்தது.

"மூச்சுக் காத்து இல்லைங்கிறியே, அத நீ அளந்தியா?"

"இல்லங்கய்யா. சூடு மட்டுந்தான் அளந்தேன்."

"அளக்கலேல்ல? பெறகென்ன? வாய்க்கு வந்தத வரைஞ்சுக்கிட்டு வந்துட்ட. அவன் ஒன்னைய அனுப்புனானா?"

"அவுக கூட நான் பேசுனதே இல்லங்கய்யா."

செம்மலை தாளை எடுத்து நாலாகக் கிழித்து என் மேசை மேலேயே போட்டார். "எங் கூண்டு, எங் கயிறு. அதுல கட்டிவச்சதும் எனக்குத்தான் சொந்தம். எல்லாத்தையும் அழிச்சிரு. மீறி யாருகிட்டயாச்சும் காட்டுன, நீ அந்தக் கரைப் பக்கம் கால் வைக்க முடியாது."

சத்தியப்பிரியா கிழிந்த துண்டுகளை ஓரமாக ஒதுக்கினாள். "அக்கா, இன்னும் மூணு காப்பி எடுங்க" என்றாள் என்னிடம். "ஒண்ணு ஸ்டேசனுக்கு."

நான் எடுத்தேன். செம்மலை என்னை முறைத்துவிட்டு, அடித்து வைத்திருந்த மனுவைக்கூட வாங்காமல் படியிறங்கிப் போனார்.

ஆவணியில் அந்தக் காவல் நிலையத்தில் இரண்டு தரப்பையும் வைத்து விசாரித்தார்கள். அங்கே நடந்ததை அழகியும் சொன்னாள், பிறகு செம்மலையும் சொன்னார். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போனது. பரிசோதனையில் மீனில் விஷம் எதுவும் இல்லை, மூச்சு முட்டிச் செத்ததற்கான அடையாளம் செவுளில் இருக்கிறது என்று வந்திருந்தது. சத்தியப்பிரியா மூன்று கோடுகளையும் மறுபடி விளக்கினாள். மீன்வளத் துறை அதிகாரி தலையாட்டினார். செம்மலை மட்டும் விடவில்லை.

"அப்ப மொத நா சாயங்காலம் எங் கூண்டுப் பக்கம் இவனுக்கு என்ன வேலை? அதக் கேளுங்க."

அழகிதான் எழுந்தாள். தன் போனை ஆய்வாளர் மேசை மேல் வைத்தாள்.

"எங்க கூண்டுல நிக்கயிலேயே அண்ணன் கூண்டுல மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குறது தெரிஞ்சிருக்கு சார். இவுக கிட்டப் போயிப் பாத்துட்டு எனக்குச் சொன்னாக. இன்னைக்கே அள்ளச் சொல்லு, விடியுற வரைக்கும் தாங்காதுன்னாக. அஞ்சே முக்கால்ல இருந்து நாலு தடவ அண்ணனுக்கு அடிச்சேன். பாருங்க. ஒண்ணும் போகல. எங்க ரெண்டு பேரு நம்பரையும் அடைச்சு வச்சிருக்காரு."

ஆய்வாளர் செம்மலையின் போனை வாங்கிப் பார்த்தார். உண்மைதான். அன்றைக்கே ஆள் வைத்து மீனை அள்ளியிருந்தால் பாதிக்கு மேல் கரையேறியிருக்கும் என்று இராமுவும் சொன்னார்.

விஷப் புகாரை முடித்து எல்லோரும் வெளியே வந்தார்கள். வேப்ப மரத்தடியில் பாண்டிமுருகன் தானாக நெருங்கி வந்தார். "போகட்டும் மச்சான். ரெண்டு பேரு மீனும் போச்சு. விடுங்க" என்றார்.

செம்மலை அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஒன் வலைய ஆமை கடிக்கல. நாந்தான் அறுத்தேன்" என்றார். "ஒண்ணு விடாம மூணையும் அறுத்தேன். போக மாட்டேன்னு நின்ன மீன அடிச்சு வெரட்டுனேன்."

பாண்டிமுருகன் அடித்த முதல் அடியிலேயே செம்மலைக்கு உதடு கிழிந்தது. கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்து அடித்தார். இரண்டு போலீஸ்காரர்கள் இழுத்தும் கை நிற்கவில்லை. செம்மலை ஒரு கையைக்கூடத் தூக்கவில்லையாம். அழகி விலக்கப் போகவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு நின்றாள்.

ஏன் சொன்னீர்கள் என்று அவரிடம் பின்னொரு நாள் நான் கேட்டேன். யாருக்கும் தெரியாது, சாட்சியும் இல்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம். மனசு உறுத்தியது என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அவன் என்னையப் பாவம்னு பாத்தான் தங்கச்சி" என்றார். "அந்த அலையில படக எடுத்துக்கிட்டுப் போயி எம் மீனப் பாத்தவன், எனக்காகப் போன் அடிக்கச் சொன்னவன், எல்லாஞ் செஞ்சுட்டு விடுங்கங்கிறான். அவன் நல்லவனா நிக்க நான் முன்னால தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கவா? அதுக்கு அவன் என்னைய வெறுத்துட்டுப் போகட்டும்."

வலையை அறுத்ததற்கு அவர் மேல் வழக்கு நடந்தது. நீதிமன்றத்தில் எதையும் மறுக்காமல் ஒப்புக்கொண்டு, விதித்த தண்டனையை ஏற்றுக்கொண்டார். அழகி ஊருக்கு வந்தால் அண்ணன் வீட்டுத் தெருவில் போவதில்லை, கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போகிறாள். ஒரு தடவை எதிரில் வந்துவிட்டாராம். "அழகி" என்று கூப்பிட்டிருக்கிறார். "கடல் செஞ்சதுக்கு ஒன்னைய யாரும் ஒண்ணும் சொல்லல. நீ செஞ்சத எங்க கொண்டுபோயிக் கரைக்க?" என்று கேட்டுவிட்டு அவள் நடந்துவிட்டாள்.

பாண்டிமுருகன் தை மாதம் மறுபடி குஞ்சு விட்டார். கரையோரம்தான். இப்போது சத்தியப்பிரியாவின் வெப்பமானிகளோடு மூச்சுக் காற்றை அளக்கிற கருவி ஒன்றும் அவர் கயிற்றில் தொங்குகிறது. அடிக்கோடு பிரிந்து இறங்கத் தொடங்கினால், கூண்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் அவள் செய்தி அனுப்புகிறாள்.

செம்மலை கடலை விட்டுவிட்டார். மறுபடி மிளகாய் போடுகிறார். அவருடைய இரண்டு கூண்டு வட்டங்கள் மட்டும் கரையில் வெயிலில் கிடந்தன. நல்ல குழாய், இன்னும் பத்து வருடம் உழைக்கும். இன்னும் இரண்டு கூண்டு கூட்ட நினைத்த பாண்டிமுருகன், அவற்றை விலைக்குத் தரச் சொல்லி இராமுவை அனுப்பிக் கேட்டார். செம்மலை இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. மறு வாரம் ஒரு ரம்பத்தோடு போனார். இரண்டு நாள் கரையில் உட்கார்ந்து, இரண்டு வட்டத்தையும் முழ நீளத் துண்டுகளாகத் தன் கையாலேயே அறுத்தார். சாக்கில் கட்டி, பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவன் வண்டியில் ஏற்றிவிட்டு, மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்பினார்.